வேண்டுதல் முடி

ஈரம் காய்வதற்குள் வகிடு எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் இந்தத் தலை யார் பேச்சையும் கேட்காது. பெற்றவள் பேச்சையே கேட்காதது கிரிஜா மேடம் பேச்சையா கேட்கப்போகிறது. குழலி என் முழங்கால்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். யூனிபார்ம் நனையக் கூடாதென்று தோளைச் சுற்றி ஒரு துண்டு, மடியில் இரண்டு மெரூன் ரிப்பன், கையில் பாதி தின்ற பிஸ்கட். மூக்கை உறிஞ்சுகிறாள், இன்னும் அழவில்லை. பெரிய பல் சீப்பை வைத்து நுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும், வேரிலிருந்து இழுத்தால் ஒரு சிக்கு நாலு சிக்காகும். இதை எனக்கு லாகோஸிலிருந்து குழலியின் அப்பா ஒபின்னாவின் அக்கா வீடியோவில் சொல்லிக்கொடுத்தாள். அவள் பேசிய ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, விரல்கள் முழுக்கப் புரிந்தன. நுனியிலிருந்து வேருக்கு. வம்சாவளி எழுதுகிறவர்களும் அப்படித்தான் எழுத வேண்டும், அவர்கள் வேரைப் பிடித்து இழுத்துவிட்டுப் பிறகு ரத்தம் வருகிறதே என்கிறார்கள். தலையை ஆட்டாதே கண்ணு. வேன் வருவதற்குள் இரண்டு ஜடை, மடித்துக் கட்டி, காதுக்குப் பின்னால் ரிப்பன் பூவாகத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை ப்ரின்ஸிபால் கிரிஜா மேடம் தன் அறையில் எனக்கு நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, என் வேலையைப் பற்றி விசாரித்து, எல்லா மரியாதையும் செய்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "திங்கக்கிழமை ரெட்டை ஜடையோட வரட்டும். இல்லீன்னா ஸ்ட்ரெயிட்னிங் பண்ணீருங்க, அதுவும் ஆகலீன்னா பாய் கட் அடிச்சிருங்க. இப்படியே வந்தாள்னா கேட்டுலிருந்தே அதே வேன்ல திருப்பி அனுப்பச் சொல்லீட்டேன். அப்புறம் டீசி வாங்கிக்கறதப் பத்தி நீங்கதான் யோசிக்கணும்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபம் இருந்தால் எனக்கும் கோபப்பட ஒரு இடம் கிடைத்திருக்கும். ஒழுங்கு, டிசிப்ளின், எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி. நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று திருப்பிச் சொன்னேன், வாய்க்குள். எனக்கு ஞாபகம் வந்தது குழலி வகுப்பில் படிக்கிற மீலாவின் தலை.

மீலாவின் முடி பழுப்பு, நூல் மாதிரி, ஜன்னலோரம் நின்றால் பொன்னாகத் தெரியும். அவளுக்கும் ரெட்டை ஜடை நிற்பதில்லை, கட்டினால் ரிப்பன் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடுகிறது. அதனால் அவளுக்கு ஒரு கிளிப் மட்டும் போதும் என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்டது. "அந்தப் பிள்ளைக்கு முடி ரொம்ப சாஃப்ட்டுங்க, ஜடை நிக்காது" என்று கிரிஜா மேடம் என்னிடமே ஒருமுறை வாஞ்சையோடு சொல்லியிருக்கிறார். ஆக, நிற்காத முடிகளிலும் ஜாதி உண்டு. மிருது காரணமாக நிற்காதது ஒரு ஜாதி, முரடு காரணமாக நிற்காதது வேறு. மீலாவின் அப்பா ஜெர்மன்காரர், மெஷின் விற்க வந்தவர், மில் முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டு போய் ஆறேழு வருஷத்தில் விட்டுவிட்டார். குழலியின் அப்பா நைஜீரியாக்காரர், காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட்டில் கழித்த செகண்ட்ஸ் பனியன் வாங்க வந்தவர். இரண்டு பேருமே திருப்பூருக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள்தான். ஒருத்தர் விற்றார், ஒருத்தர் வாங்கினார், வாங்குகிறவன் மட்டமானவன் என்று உலகத்தில் இந்த ஒரு ஊரில் மட்டும்தான் நினைப்பார்கள். ஆண்டு விழா மேடையில் மீலா முன்வரிசை நடுவில் தாமரை. குழலி கடைசி வரிசையில் மரம். மரத்துக்கு அசைய வேண்டியதில்லை, நின்றால் போதும். அவள் நன்றாகவே நின்றாள், வீட்டுக்கு வந்து எனக்கு அரை மணி நேரம் நின்று காட்டினாள். விழா முடிந்து கார் வரக் காத்திருந்தபோது மீலாவின் அம்மா வர்ஷினி என் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸ்தாங்க." நல்ல பெண், பொய்யில்லாமல்தான் சொன்னாள், கண்கூடக் கலங்கியிருந்தது. அப்புறம் டிரைவர் கதவைத் திறந்தார், மீலாவைப் பார்த்துக்கொள்கிற அக்கா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஏறினாள், ஒரே கேஸ் ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பியது. இன்னொரு கேஸ் மரம் வேஷத்திலிருந்த பிள்ளையை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு அவிநாசி ரோட்டில் வந்தது, இலையெல்லாம் காற்றில் பறந்து என் ஹெல்மெட்டில் ஒட்டியது.

இந்த இடத்தில் ஒரு சிக்கு. விரலால்தான் பிரிக்க வேண்டும். எரியுதும்மா. தெரியும் கண்ணு, இன்னும் கொஞ்சம். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவளுக்கு எல்லாவற்றையும் வகை பிரித்துப் பார்க்கிற வியாதி இருக்கும். வர்ஷினியை எல்லோரும் சிங்கிள் மதர் என்கிறார்கள், ஆங்கிலத்தில், பக்கத்திலேயே 'போல்டான பொண்ணு' என்று இன்னொரு வார்த்தையும் சேர்த்து. என்னை, அந்த ஆப்பிரிக்காக்காரன் கேஸ். எங்கள் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுகிற பெண்களில் பாதிப்பேர் புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்ப்பவர்கள், அவர்களுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயரே கிடையாது. கேட்டால் அவன் இல்லீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுக்கிறார்கள். பெயர் வேண்டுமென்றால் முதலில் மில் வேண்டும். நான் நடுவில் இருக்கிறேன், சம்பளத்தில் அவர்களுக்கு மேலே, பேச்சில் அவர்களுக்கும் கீழே. ஏனென்றால் அவர்களுடைய ஆள் குடித்தான், அடித்தான், ஓடினான் என்று சொன்னால் ஊருக்குப் புரிகிறது. என்னிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஏமாத்தீட்டானா, ஏமாத்தீட்டானா. ஒபின்னா ஏமாற்றவில்லை. பதிவுத் திருமணத்துக்கு அவர் நாட்டிலிருந்து வரவேண்டிய சான்றிதழ் வருவதற்குள் அவர் விசா முடிந்தது, நீட்டிக்கவில்லை, போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். என்ன சாப்பிட்டாள், எந்தப் பல் விழுந்தது, முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் வாடிப்போகிறது. ஏமாற்றாத கறுப்பன் யாருக்கும் உபயோகமில்லை. வீட்டுக்காரம்மா ஒருமுறை என்னைத் தேற்றும் விதமாக, "எப்படியோ போயித் தொலைஞ்சான்னு நெனச்சுக்கோ அம்மிணி" என்றார். ஒபின்னா போன வாரம்கூட வாடகை அனுப்பினார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வாடகையை ஏற்றியிருப்பார்.

இடது பக்கம் வகிடு விழுந்துவிட்டது. நேராக இல்லை, பரவாயில்லை, ஆறு நேராகவா ஓடுகிறது. ஆற்று மணலில் தண்ணீர் வடிந்தபின் விழுகிற அலை வரிகள் மாதிரி கூந்தல் இருந்தால் அழகென்று ஒரு காலத்தில் நம்மவர்கள் பாடித் தள்ளினார்கள். தோல் மாந்தளிர் நிறம், கூந்தல் கார்மேகம். பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால் என்றே ஒரு பெயர், ஐந்து விதமாக முடிக்கலாமாம், அந்த ஐந்தில் ஒன்றுக்குப் பெயர் சுருள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐந்து வழி இருந்தது, கிரிஜா மேடத்திடம் மூன்று வழி, அதில் இரண்டு கத்தரியும் கெமிக்கலும். அந்தத் திமிரில்தான் நான் இவளுக்குக் கார்குழலி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த அன்று என் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கறுப்புச் சட்டையில்தான் வந்தார், நாற்பது வருஷமாக அவருக்கு வேறு சட்டை கிடையாது. எனக்கு அறிவுக்கொடி என்று பெயர் வைத்தவர், ஜாதகம் பார்க்காமல், தாலி இல்லாமல் தன் கல்யாணத்தை நடத்திக்கொண்டவர், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நிறுத்தி, மயிரைக் கட்டி மலையை இழுக்கிறீர்களா என்று கேட்டு அடி வாங்கியவர். குழந்தையைத் தொட்டிலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கறுப்புச் சட்டைக்காரருக்குப் பேத்தியின் கறுப்பு எந்த இடத்தில் இடித்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் தொழிலில் கறுப்பிலேயே பத்து விதக் கறுப்பு உண்டு, துணியை ஷேட் கார்டோடு ஒப்பிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அப்பா அப்படித்தான் பார்த்தார். பிறகு மெதுவாக, "எதுக்கும் ஒரு மொட்டை போட்டுரு, அடுத்தாப்புல நல்ல முடியா மொளைக்கும்" என்றார். தன் கொள்கைக்கு இழுக்கு வந்துவிட்டதோ என்று பயந்தவர் போல அவசரமாகச் சேர்த்தார்: "பழனிக்கெல்லாம் வேண்டாம். சலூன்லயே." அதுதான் அவர் என்னோடு கடைசியாகப் பேசியது. சிரிப்பு வருகிறது, இப்போதுகூட வருகிறது. ஏம்மா சிரிக்கறீங்க. ஒண்ணுமில்லை.

இடது பக்கம் மூன்றாகப் பிரித்தாயிற்று, பின்னுகிறேன். இழுத்துப் பின்னினால்தான் படியும், இழுத்தால் நெற்றியோரம் தோல் வெளுத்து மேலே ஏறுகிறது, இவள் கண் லேசாகச் சாய்ந்து வேறு யாரோ மாதிரி ஆகிறாள். அழ ஆரம்பித்துவிட்டாள், சத்தமில்லாமல், பிஸ்கட்டை விடாமல். இந்த முடியைப் பள்ளிக்கூடம் முன்பு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. சேர்த்த புதிதில், எல்கேஜியில், தனலட்சுமி மிஸ் இதைத் தொட்டதே இல்லை. நான் ஏதோ அருவருப்பென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அருவருப்பில்லை, பக்தி. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போய், பிழைத்தால் முடி இறக்குகிறேன் என்று பழனிக்கு நேர்ந்துகொண்டு, சீப்பும் கத்தரியும் படாமல் வளர்ப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம், சடைசடையாகத் தொங்கும். அப்படிப்பட்ட முடி என்று மிஸ் தானாகவே முடிவு செய்துகொண்டார். சாமி முடி. ஆயாக்களிடம் தலையில் கை வைக்காதீங்க என்று சொல்லியிருந்தாராம். யாருக்குப் பிறந்த நாள் என்றாலும் முதல் சாக்லேட் இவளுக்கு. ஜடை போடாததை ஒருவரும் கேட்கவில்லை, கிரிஜா மேடம் உட்பட. முழுசாக இரண்டு வருஷம் என் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக இருந்தாள், அது முருகனால் என்று எனக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் மிஸ் குரலைத் தாழ்த்தி, "எந்த வருசங்க எறக்கறீங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. சிரித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். அறிவுக்கொடியால் முடியுமா. பிழை கண்டால் திருத்தாமல் எனக்குத் தூக்கம் வராது, பையர் மெயிலில் ஒற்றுப்பிழை இருந்தால்கூடச் சொல்லிவிடுவேன். வேண்டுதல் எல்லாம் இல்லைங்க, அவங்க அப்பா நைஜீரியா, அந்த ஊர்க்காரங்க முடியே இப்படித்தான் என்று எல்லோர் முன்னாலும், நல்ல உச்சரிப்போடு சொன்னேன். அடுத்த வாரமே முடியில் நாற்றம் வந்துவிட்டது. பேன் இருக்கும் என்றார்கள், பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று இடம் மாற்றினார்கள். அதே முடி. அதே தேங்காயெண்ணெய். சாமியுடையதாக இருந்தபோது மணத்தது, அப்பனுடையது என்றதும் நாறுகிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது. ஒபின்னாவிடம் சொன்னேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சாமிக்கு என் நன்றியைச் சொல், இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டதே என்றார்.

இடது ஜடை முடிந்தது. மடித்துக் கட்டி ரிப்பன் போட்டாயிற்று. குட்டையாக, காதுக்குப் பின்னால், ஒரு கைப்பிடி மாதிரி நிற்கிறது. தலையில் வலது பாதி இன்னும் விரிந்து ஈரத்தில் மின்னுகிறது, ஒரே பிள்ளையின் இரண்டு பக்கமும் இரண்டு ஊர். காய ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் தெளிக்க வேண்டும். பாட்டிலை எடுக்கத் திரும்பினால் அலமாரியில் அந்த ஸ்ட்ரெயிட்னிங் கிரீம் டப்பா. ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தேன், ஏன் வாங்கினேன் என்று கேட்டால் வாங்கினேன். டப்பாமேல் ஒரு பெண் தன் முடியை வீசி எறிகிறாள், அவளுக்கு அது வேண்டாம் போல. பார்லர் அக்காவிடம் ஏழு வயசுப் பிள்ளைக்குப் போடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் எரியும், பொண்ணாப் பொறந்தா பொறுத்துக்கணும்ல என்றாள், தன் புருவத்தைத் தொட்டுக்கொண்டு. குழலி டப்பாவை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியில்லாமலேயே எப்படித்தான் தெரியுமோ. "அம்மா, அதப் போட்டா மீலா மாதிரி ஆயிருமா?" முடியைச் சொல்கிறாளா. முடியை மட்டும் சொல்கிறாளா. அதற்குள் அவளே, "அப்ப நான் மரமா நிக்க வேண்டாமா?" என்றாள், வேண்டுமென்றோ வேண்டாமென்றோ இல்லாமல், வெறும் தகவல் கேட்கிற குரலில். என் விரலில் எண்ணெய் பிசுபிசுக்கிறது. இந்தப் பள்ளிக்கூடம் போனால் வேறு பள்ளிக்கூடம் என்று சொல்கிறவர்களுக்கு வேறு பள்ளிக்கூடங்களைத் தெரியாது. இதற்கு முன்னால் இரண்டு இடங்களில், போனில் இருந்த சீட்டு பிள்ளையோடு நேரில் போனதும் நிரம்பிவிட்டது. நான் உள்ளே நுழைந்து உட்காரும் நேரத்துக்குள் நிரம்பியது. இங்கே கிடைத்ததற்குக்கூடக் காரணம் முருகன்தானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

ஹாரன். இது தெருமுனை ஹாரன், இங்கே வர இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. வலது பக்கம் வகிடே எடுக்கவில்லை. அரைகுறையாக அள்ளிக் கட்டலாம், கட்டினால் கேட்டிலேயே அவிழும். இடது ஜடையைப் பார்க்கிறேன், நெற்றியோரம் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், முடி ஒவ்வொன்றும் தோலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இதைத் தினமும் செய்ய வேண்டும், நாளைக்கும், பத்தாம் வகுப்பு வரைக்கும். ஒன்றும் தீர்மானித்ததாக எனக்கு நினைவில்லை. விரல் ரிப்பனை இழுத்தது. பின்னல் தானாகவே பிரிந்தது, பிரிவதற்கு அதற்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. மழை விட்டபின் செடி எழும்புவது போல முடி எழும்பித் தலையைச் சுற்றி நின்றுகொண்டது. குழலி மூக்கைத் துடைத்துக்கொண்டு ரெண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். "மேடம் திட்டுவாங்கல்ல?" பையை மாட்டினேன், ஷூவை மாட்டினேன், தூக்கிக்கொண்டு படியிறங்கினேன், என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல். சண்டை போடலாம். சட்டம் பேசலாம். ஐம்பால் பற்றி மயிலாத்தாவுக்கு விளக்கலாம். மயிலாத்தா வேன் ஆயா, கதவைத் திறந்துகொண்டு ஏற்கெனவே கீழே நிற்கிறார், என் பிள்ளையின் தலையைப் பார்த்ததும் அவர் முகம் சங்கடத்தில் சுருங்குகிறது. கெட்டவர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்.

"ஏனுங்கம்மிணி, இப்படியேவா? ஏத்துனா கேட்டுலயே எறக்கியுடச் சொல்லீருக்காங்களே. வம்பாகிப் போயிருமுங்க."

என் வாய் சொன்னது: "பழனிக்கு நேந்துக்கிட்டேனுங்க."

நாற்பது வருஷக் கறுப்புச் சட்டை எனக்குள் எங்கேயோ கிழிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மயிலாத்தா செருப்பைக் கழற்றிவிட்டார். தெருவில், வேன் படிக்குப் பக்கத்தில், இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "முருகா. இத முன்னாடியே சொல்றதுக்கென்னங்க? நேத்து கிருத்திகைல்ல, நேத்துத்தான் நேந்தீங்களாட்ட." நான் தலையை ஆட்டினேன். நேற்று கிருத்திகை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவங்களும் வருசா வருசம் காவடி எடுக்கறவங்கதான், சாமி முடிய ஒண்ணும் சொல்லமாட்டாங்க." இவ்வளவு சுலபம். இரண்டு வார்த்தை. அப்பா சொல்வாரே, மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று. இதோ மலை வந்துவிட்டது, பழனி மலையே வந்து வேன் கதவைத் திறந்துவிட்டது. சிரிக்கலாமா என்று வாய் கோணியது. மயிலாத்தா குழலியின் தலையில் கை படாமல், இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, விளக்கைத் தூக்குகிற மாதிரி தூக்கி முன் சீட்டில் வைத்தார். வழக்கமாகக் கடைசி சீட். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, தள்ளி உக்காருங்க, தலையத் தொடப்புடாது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தனலட்சுமி மிஸ் கேட்ட அதே தாழ்ந்த குரலில் கேட்டார்: "எப்பங்க எறக்கறீங்க?"

அதை நான் யோசிக்கவில்லை. சாமிக்கு என்று சொல்லிவிட்டால் சாமிக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும், குறித்த நாள் வந்தால் ஊரே கேட்கும், மயிலாத்தா கேட்பார், கிரிஜா மேடம் கேட்பார், இறக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாதுங்க என்பார்கள். ஒரு பொய்யைச் சொன்னவள் திருத்தலாம், நான் திருத்துவதில் கெட்டிக்காரி, ஆனால் இதைத் திருத்தினால் பழையபடி நாற்றம். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். கிரிஜா மேடம் கத்தரி என்றார், அப்பா சலூன் என்றார், பார்லர் அக்கா எரியும் என்றாள், நான் மலை என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். போனால் மயிர் என்று சொன்னவன் அது யார் தலை என்று பார்க்கவில்லை. "பத்து வயசுலீங்க" என்றேன். ஏன் பத்து என்று தெரியாது, தூரமாக இருந்தது, அதனால். மயிலாத்தா, சாமி நல்லபடியா நடத்தி வெக்கட்டும் என்று கதவைச் சாத்தினார்.

குழலி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்திருந்தாள். "அம்மா, எறக்கறதுன்னா என்ன?"

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தை, விவரம் தெரிந்தவள், சந்தோஷமாகச் சொன்னாள்: "மொட்டை. உன் முடி இனிமே சாமிக்கு."

குழலி என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வேன் என்று பார்த்தாள், தப்பாக யார் எதைச் சொன்னாலும் அம்மா இல்லை என்று சொல்லிவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். மயிலாத்தாவும் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன், தலையை ஆட்டினேன், கையசைத்தேன். "அப்ப இது என்னுது இல்லியா?" என்று கேட்டது கிளம்புகிற வேனின் சத்தத்தில் பாதிதான் எட்டியது. வேன் திரும்பும்போது பார்த்தேன். கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைமேல் வைத்து, காற்றில் அது கலையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பவள் போல, முதுகை நேராக வைத்துக்கொண்டு, அசையாமல், மரமாக.